விபாசனா 10 நாள் முகாம்: போகலாமா?

சென்னை திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது விபாசனா தியான மையத்துக்குப் போய்வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் மனசு அமைதியாகிவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள். அமைதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நான் கற்றுக்கொண்டு வந்தது வேறு, எனக்கு அதுதான் பெரிது.

முதலில் நடைமுறை. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் கிடையாது. முகாமை முழுதாக முடித்தவர்கள் விருப்பப்பட்டால் நன்கொடை தரலாம், மற்றவர்களிடம் வாங்குவதில்லை. அதாவது உங்கள் சோற்றுக்கு உங்களுக்கு முன்னால் வந்துபோன யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும், இரவு 9.30க்கு விளக்கை அணைக்க வேண்டும், நடுவில் கிட்டத்தட்ட 10 மணி நேரம் தியானம். சைவச் சாப்பாடு, 11 மணிக்கே மதிய உணவு, மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்கு டீயும் கொஞ்சம் பழம் மாதிரி ஏதாவதும், அவ்வளவுதான். போன், புத்தகம், பேனா எதுவும் கையில் இருக்கக் கூடாது. பத்தாம் நாள் காலை வரை பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சு கிடையாது, சைகையும் கூடாது; ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம்.

முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். விபாசனா தொடங்குவது நாலாம் நாள். தலையிலிருந்து கால் வரை அரிப்பு, வலி, சூடு, துடிப்பு என்று என்ன எழுகிறதோ அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், பிடித்ததை இழுத்து வைக்காமல், பிடிக்காததை விரட்டாமல். அதன்பிறகு தினமும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், கை கால் அசைக்காமல் கண் திறக்காமல் உட்கார முயல வேண்டும். முட்டி கடுமையாக வலிக்கும். அந்த வலியோடு சேர்ந்து, எப்போதோ மறந்துவிட்டதாக நினைத்த கோபம், பொறாமை, வீட்டில் யாரிடமோ சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை எல்லாம் மேலே வரும், அப்போது பேச ஆளும் இருக்காது, எடுத்துப் பார்க்க போனும் இருக்காது. சரி, இதுவும் எனக்குள் இருக்கிறது என்று அதோடு உட்கார்ந்திருக்கப் பழகுவதுதான் மொத்தப் பயிற்சியும். உன்னை நீயே ஏற்றுக்கொள் என்று சொல்கிறவர்கள் ஏராளம். எப்படி என்று உடம்பை வைத்தே எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த இடம்தான்.

இரவில் கோயங்காவின் உரை. பர்மாவில் பிறந்தவர், அங்கே ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் கற்று 1969இல் இந்தியாவுக்கு வந்து முகாம் நடத்தத் தொடங்கினார், 2013இல் காலமானார். இன்றும் ஒலிப்பதிவில் அவர்தான் ஆசிரியர். கதை சொல்வதில் கெட்டிக்காரர். மறுபிறவி பற்றிப் பேசும் இடங்களை நான் ஏற்கவில்லை, அதனால் பயிற்சிக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது. விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்பார்கள், உண்மையை எழுதுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இத்தனை நாள் மௌனம் சிலருக்கு நோயைக் கிளறிவிடும். இப்போது தாங்க முடியாத நிலையில் இருப்பவர்கள் முகாமை ஒத்திவைத்துவிட்டு 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற இலவச அரசு சேவை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

வீட்டுக்கு வந்தபின் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலோ இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கோ இது நடக்காத காரியம், அவர்களுக்கென்று எளிதான வழி ஏதாவது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் காலையில் அரைமணி நேரம் உட்காருகிறேன். யாராவது சுருக்கென்று ஒன்று சொன்னால் நெஞ்சில் சூடு ஏறுவது இப்போது முதலிலேயே தெரிகிறது, பதில் கொஞ்சம் தாமதமாக வருகிறது. சண்டை குறைந்திருப்பதாக வீட்டிலும் சொல்கிறார்கள்.

போவதென்றால் தளர்வான பருத்தி உடை எடுத்துக்கொள்ளுங்கள். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அப்புறம், முந்தின நாளே போய்ச் சேர வேண்டும், பதினோராம் நாள் காலையில்தான் விடுவார்கள், ஆகவே ஆபீசில் 12 நாள் லீவு கேளுங்கள்.