ஸ்ரீரங்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா: பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள்

ஸ்ரீரங்கத்துக்கு எல்லோரும் கோபுரம் பார்க்கத்தான் வருகிறார்கள். பெருமாளைச் சேவித்த பிறகு அரை நாள் கையில் இருந்தால், மேலூர் பக்கம் ஒருமுறை போய் வாருங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற இந்தத் தீவு எவ்வளவு பசுமையானது என்பது சன்னிதித் தெருவில் நின்றால் தெரியாது. ஊரைத் தாண்டி வாழைத் தோப்பும் தென்னையும் வர ஆரம்பித்ததும்தான் தெரியும். அந்த வழியில்தான் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-ல் திறந்தார்கள், ஏறக்குறைய 25 ஏக்கர்.

முதல் தடவை மதியம் இரண்டு மணிக்குப் போனேன், பெரிதாக ஒன்றும் கண்ணில் படவில்லை. அடுத்த தடவை காலையில் திறந்த உடனே உள்ளே போனேன், அப்போதுதான் பார்க்கத் தெரிந்தது. வெயிலில் இறக்கையை விரித்துச் சூடேற்றிக்கொள்கிற நேரம் அது, பக்கத்தில் போனாலும் சட்டென்று பறந்துவிடாது.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது பூச்செடிகள் இல்லை, ஓட்டை ஓட்டையாக இலை கடிபட்ட செடிகள். எருக்கு, கறிவேப்பிலை, எலுமிச்சை, அரளி எல்லாம் புழுவுக்காக விட்டுவைக்க வேண்டியவை. வீட்டுத் தோட்டமாக இருந்தால் உடனே மருந்து அடித்திருப்போம். ஒரு எருக்கிலையைக் குனிந்து பார்த்தேன், வெள்ளையும் கறுப்புமாக வரிபோட்ட, நடுநடுவே மஞ்சள் புள்ளி வைத்த புழு ஒன்று இலையின் ஓரத்தை அரைவட்டமாக அறுத்துத் தின்றுகொண்டிருந்தது. வெந்தய வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கம்பாலில் இருக்கிற நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்வதால் பெரும்பாலான பறவைகள் அதைத் தொடாது. அரளியில் தொங்கிய ஒரு கூட்டுப்புழு வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளத்தது, என் சட்டை நிறம்கூட அதில் தெரிந்தது.

கிலுகிலுப்பைச் செடி ஒன்று காய்ந்து கிடந்தது. பிடுங்காமல் விட்டிருக்கிறார்களே என்று அங்கே வேலை செய்கிற பெரியவரிடம் கேட்டேன். "காஞ்சாத்தான் சார் கூட்டமா வரும்" என்றார். உண்மைதான், ஆண் வரியன்கள் அந்தக் காய்ந்த தண்டிலிருந்து உறிஞ்சுகிற சத்தை வைத்துத்தான் பெண்ணை ஈர்க்கிற வாசனையைத் தயாரிக்கின்றன. பத்துப் பன்னிரண்டு ஒரே குச்சியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றுவிட்டேன்.

குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள், பிடிக்க விடாதீர்கள். அன்று ஒரு குடும்பம் துப்பட்டாவை வீசித் துரத்தியது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இறக்கையில் ஒட்டியிருக்கிற பொடி போனால் திரும்ப வராது.

போக நல்ல காலம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகுதான், செடியெல்லாம் தழைத்திருக்கும். கோடையில் காவிரியே வெறும் மணலாகக் கிடக்கும்போது பூங்காவிலும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

நேரம் இருந்தால் அப்படியே மேற்கே முக்கொம்பு வரை போங்கள், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம். 1830-களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டியது அங்கேதான். மதகுகளைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாமல், தண்ணீர் குறைவான நாளில் ஈர மணல் ஓரம் பாருங்கள். உப்புச்சத்துக்காக மஞ்சள் பூச்சிகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.