குயிசனேர் கோல்கள்: எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு நல்ல பெட்டி

பள்ளி செல்லும் முன்பே பிள்ளைகளுக்குக் கணக்கை விளையாட்டாகக் கற்றுத் தரும் என்று சொல்லிக் கடைகளில் அடுக்கியிருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை, 1 முதல் 10 வரையிலான இலக்கங்களுக்கு வண்ணம் பூசி வைத்தவையாகவே இருக்கின்றன. அவற்றைக் கையாளும் பிள்ளை இலக்கத்தின் வடிவத்தை அடையாளம் காணப் பழகிவிடும். ஆனால் ஏழு என்றால் எவ்வளவு என்பது அதற்கு அப்போதும் புரிந்திருக்காது. குயிசனேர் கோல்கள் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. பெட்டி முழுவதும் தேடினாலும் ஓர் இலக்கம் கூடக் கிடைக்காது. மொரிஷியஸ் தீவின் காத்ர் போர்னில் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில், நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்காக இந்தப் பெட்டியை வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல விளையாட்டுப் பொருள் எனக்குத் தெரியாது. அது இன்னும் கைகூடாத பிள்ளைக்கோ இவை வெறும் வண்ணக் குச்சிகள்தான்.

பெட்டியில் 74 கோல்கள் உள்ளன. எல்லாவற்றுக்கும் குறுக்களவு ஒரு சென்டிமீட்டர். நீளம் மட்டும் 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு நிறம் உண்டு. ஒன்று வெள்ளை, இரண்டு சிவப்பு, மூன்று இளம்பச்சை, நான்கு ஊதா, ஐந்து மஞ்சள், ஆறு கரும்பச்சை, ஏழு கறுப்பு, எட்டு பழுப்பு, ஒன்பது நீலம், பத்து ஆரஞ்சு. நிறங்கள் மனம்போன போக்கில் இடப்பட்டவை அல்ல. இரண்டு, நான்கு, எட்டு ஆகியவை சிவப்பைச் சார்ந்த நிறங்களையும், மூன்று, ஆறு, ஒன்பது ஆகியவை பச்சையையும் நீலத்தையும், ஐந்தும் பத்தும் மஞ்சளைச் சார்ந்த நிறங்களையும் பெற்றிருப்பதால், பெருக்கல் என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளையும் இரண்டு சிவப்பு சேர்ந்தால் ஓர் ஊதா, இரண்டு ஊதா சேர்ந்தால் ஒரு பழுப்பு என்பதைத் தானாகவே கண்டுகொள்கிறது. இந்த ஏற்பாட்டை வகுத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் குயிசனேர் என்ற பள்ளி ஆசிரியர். அவர் தம் முறையை 1952இல் வெளியிட்டார். பின்னர் காலப் கட்டெனோ என்ற கல்வியாளர் அதைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றார்.

முதல் சில வாரங்களுக்குப் பிள்ளைகளிடம் எதையும் கேட்காமல் பெட்டியைக் கொட்டிக் கொடுத்துவிடுவதே நல்லது. வீடு கட்டுவார்கள், வேலி போடுவார்கள், அடுக்கிச் சரிப்பார்கள். அந்த ஆசை தீர்ந்த பிறகு படிக்கட்டு கட்டச் சொல்லலாம். எங்கள் வகுப்பில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி வெள்ளையில் தொடங்கி வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தவள், நீலத்தை வைக்க வேண்டிய இடத்தில் பழுப்பையும், பழுப்பின் இடத்தில் நீலத்தையும் வைத்துவிட்டாள். நான் வாய் திறக்கவில்லை. படிகளின் மேல் விரலை ஏற்றிக்கொண்டு போனவளின் விரல் அந்த இடத்தில் சட்டென்று ஏறி இறங்கியது. "மிஸ், இங்கே பள்ளம்" என்றாள். உடனே இரண்டையும் இடம் மாற்றி வைத்து, மறுபடி விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். சரி, தப்பு என்று பெரியவர்கள் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் பொருளே அதைக் காட்டிக் கொடுப்பது இந்தப் பெட்டியின் தலையாய சிறப்பு. அட்டையில் அச்சிட்ட கூட்டல் கணக்குகளில் இது நடக்காது.

அடுத்தது கோல்களை நீளவாக்கில் கோக்கும் விளையாட்டு. இதை ரயில் விடுவது என்று சொல்வது வழக்கம். வீட்டருகே மெட்ரோ ஓடுவதைப் பார்த்து வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இது மெட்ரோதான். ஒரு மஞ்சள் கோலை வைத்து, அதே நீளத்துக்கு வேறு கோல்களை ரயில் பெட்டிகள் போலக் கோத்து வரச் சொன்னால், சிவப்பும் இளம்பச்சையும், இளம்பச்சையும் சிவப்பும், ஊதாவும் வெள்ளையும், ஐந்து வெள்ளைகளும் என்று ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நிற்கும். இடம் மாற்றிக் கோத்தாலும் நீளம் மாறுவதில்லை என்பதைக் கண்டுபிடித்த பிள்ளை, அதை அன்று முழுவதும் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருக்கும். பத்தைப் பிரிக்கும் எல்லா வழிகளையும் இதே போல் ஆரஞ்சுக் கோலின் கீழ் அடுக்கலாம். முதல் வகுப்புக் கூட்டலுக்கு வேண்டிய அடித்தளம் ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரே விளையாட்டில் அமைந்துவிடுகிறது.

இலக்கம் எழுதப்படாததால் நம் தீவுக்கு ஒரு தனி நன்மையும் உண்டு. வீட்டில் கிரியோல், பாட்டியிடம் கொஞ்சம் தமிழ், தொலைக்காட்சியில் பிரெஞ்சு, பாடநூலில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளை, எந்த மொழியில் எண்ணினாலும் கோலின் நீளம் ஒன்றுதான். "என், தே, த்ருவா" என்று தொடங்கி "நாலு, அஞ்சு" என்று முடிக்கும் பிள்ளைகள் எங்களிடம் உண்டு. அதனால் விளையாட்டு தடைப்படுவதில்லை.

குறைக்கு வருகிறேன். குயிசனேர் கோலின் மேல் பிரிவுக்கோடுகள் கிடையாது. மரியா மாண்டிசோரி வகுத்த எண் கோல்கள் 10 சென்டிமீட்டரில் தொடங்கி ஒரு மீட்டர் வரை நீள்பவை. சிவப்பும் நீலமும் மாறி மாறி வருவதால் ஐந்தாம் கோலில் ஐந்து பட்டைகளைப் பிள்ளை தொட்டு எண்ணிவிடலாம். குயிசனேரின் மஞ்சள் கோலிலோ எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை. பக்கத்தில் வெள்ளைகளை அடுக்கிப் பார்த்தால்தான் அது ஐந்து. எண்ணி முடித்ததும் கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத் தொகை என்பது பிள்ளைக்குப் பிடிபட வேண்டும். எண்ணுதலின் அடிப்படை விதிகளை 1978இல் வரையறுத்த உளவியலாளர்கள் ரோஷல் கெல்மனும் ராண்டி கலிஸ்டலும் இதையும் அவற்றுள் ஒன்றாகக் குறிப்பிட்டார்கள். எங்களிடம் வந்த ஒரு சிறுவன் ஆறு மணிகளைத் தவறில்லாமல் எண்ணுவான். மொத்தம் எத்தனை என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குவான். அவனுக்கு இந்தப் பெட்டியால் ஒரு பயனும் இல்லை. பல்லாங்குழிப் பலகையையும் ஒரு கை புளியங்கொட்டையையும் கொடுத்தோம். பதினான்கு குழிகளில் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதில், ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற ஒழுங்கு கைவழியாகவே பழகிவிடுகிறது. வீட்டுப் பரணில் பாட்டியின் பலகை கிடந்தால், புதுப் பெட்டி வாங்கும் முன் அதை இறக்கித் துடைத்து வையுங்கள். காசு கொடுத்து மீதி வாங்கும் கடை விளையாட்டுக்கும் இந்தக் கோல்கள் உதவா. அதற்கு உண்மையான ரூபாய் நாணயங்களே போதும்.

மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கின்றன. மரக்கோல்கள் மேசையில் வழுக்காமல் நிற்பதால் சிறு கைகளுக்கு அவையே ஏற்றவை. பிளாஸ்டிக் மலிவு, கழுவுவதும் எளிது. போர்ட் லூயியில் ஒரு கடையில் நாங்கள் வாங்கிய மரப்பெட்டியில் கறுப்புக் கோல்களின் விளிம்பில் வண்ணம் சீக்கிரமே உதிர்ந்தது. மூடியும் சரியாகப் பொருந்தவில்லை. வாங்கும்போது கடையிலேயே இரண்டு கோல்களை எடுத்து நிறுத்தி, முனைகள் நேராக வெட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். முனை சாய்ந்த கோல் படிக்கட்டையே பொய்யாக்கிவிடும். வெள்ளைக் கட்டைகள் ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ளவை. மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கைகள் வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், விளையாடி முடிந்ததும் 22 வெள்ளைகளும் பெட்டிக்குத் திரும்பிவிட்டனவா என்று எண்ணி வைப்பது நல்லது. அந்த வேலையைப் பிள்ளைகளிடமே விட்டால் அதுவும் ஒரு கணக்குதான்.

பெட்டியோடு வந்த கையேடு மூன்றாம் பக்கத்திலேயே கூட்டல் குறிக்குத் தாவிவிடுகிறது. டியூஷன் பழக்கம் இவ்வளவு ஊறிப்போன நம் நாட்டில் பெற்றோர் பலருக்கு அந்தப் பக்கம்தான் முதலில் கண்ணில் படுகிறது. இந்த வயதுக்கு அது தேவையில்லை.

ஒரு பெட்டியில் ஐந்து முதல் பத்து வரையிலான நீளங்களில் நிறத்துக்கு நான்கே கோல்கள் இருப்பதால், நான்கு பிள்ளைகள் ஆளுக்கொரு படிக்கட்டு கட்ட முடியும். ஐந்தாவது பிள்ளை வந்தால் சண்டைதான். வீட்டில் ஒன்றிரண்டு பிள்ளைகள் என்றால் ஒரு பெட்டி தாராளம். பத்துப் பத்தாக அடுக்கி நூறு வரை போக விரும்பும் நாளில், இன்னொரு முழுப் பெட்டி வாங்காமல், பத்தடிமானக் கட்டைகளில் (ஒன்று, பத்து, நூறு என்ற அளவுகளில் வரும் எண் கட்டைகள்) உள்ள 10 சென்டிமீட்டர்க் கோல்களைத் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். ஆரஞ்சுக் கோலும் அதுவும் ஒரே அளவுதான்.