ஆறுதல் தரும் பக்கமும் அளந்து காட்டும் பக்கமும்: ‘பி.டி.எஸ்.டி. கோச்’ செயலி ஒரு மதிப்பீடு

அவசர ஊர்திப் பணியை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் பக்கத்து அறையில் ஒரு தொலைபேசி எங்கள் பழைய கட்டுப்பாட்டறையின் தொனியில் ஒலித்துவிட்டால், அது யாருடையது என்று யோசிப்பதற்கு முன்பே என் கால் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும். வீட்டில் எல்லோரும் இதை ஒரு வேடிக்கைப் பழக்கமாகவே எடுத்துக்கொண்டிருந்தோம். முன்பு என்னுடன் ஒரே வண்டியில் இருந்த நண்பர் ஒருவர் ‘பி.டி.எஸ்.டி. கோச்’ என்ற செயலியைத் தம் கைபேசியில் திறந்து காட்டி, “மூன்று மாதம் வைத்துப் பாருங்கள், அண்ணா” என்றார். வைத்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே பி.டி.எஸ்.டி. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் கீழ் 1989 முதல் இயங்கிவரும் பி.டி.எஸ்.டி. தேசிய மையம், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையுடன் இணைந்து 2011இல் இச்செயலியை வெளியிட்டது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, பெயரோ மின்னஞ்சலோ கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டியதும் இல்லை. நாம் உள்ளிடும் விடைகள் நம் கைபேசியிலேயே தங்கிவிடுகின்றன. இலவசம் என்பதைவிட இந்தக் கடைசி அம்சத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் சென்ற அமெரிக்கப் படையினரைப் பற்றி 2004இல் வெளியான ஆய்வில், மனநலச் சிக்கலுக்கான அளவுகோலுக்குள் வந்தவர்களில் 23 முதல் 40 விழுக்காட்டினரே உதவி நாடியிருந்தனர். அதே பிரிவினரில் 65 விழுக்காட்டினர், உதவி கேட்டால் தங்களைப் பலவீனமானவர்களாகப் பார்ப்பார்கள் என்ற அச்சத்தைத் தடையாகக் கூறியிருந்தனர். சீருடை அணிந்து வேலை பார்த்த எவருக்கும் இந்த எண்கள் வியப்பளிக்கமாட்டா.

போர்முனையைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவருக்கு இது பொருந்துமா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. இந்நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் 1980இல் இடம் கிடைத்ததற்கு வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் நிலை ஒரு முக்கியக் காரணம் என்பது உண்மைதான். ஆனால் 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு, வேலையின் நிமித்தம் கொடூரமான விவரங்களை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வதையும் காரணமாக ஏற்றுக்கொண்டு, சிதறிய உடல்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. உலகெங்கும் மீட்புப் பணியாளர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான பகுப்பாய்வு, அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இக்கோளாறு இருப்பதாகவும், தீயணைப்புத் துறையினரையும் காவலர்களையும்விட ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம் அது மிகுதி என்றும் கண்டது. அந்த வரியைப் படித்தபின் என் தயக்கம் போய்விட்டது.

செயலியில் நான்கு பகுதிகள் உள்ளன. நோயைப் பற்றிக் கற்றுத்தரும் பகுதி தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஒருமுறை படித்தால் போதும். ஆதரவு தேடும் பகுதியில் உள்ள உதவி எண்களும் சேவைகளும் அமெரிக்காவுக்கானவை என்பதால், அந்நாட்டுக்கு வெளியே இருப்பவர் தமக்கு நெருக்கமானவர்களின் எண்களை அதில் சேர்த்துவைத்துக்கொள்ளலாம் என்பதைத் தவிரப் பெரிய பயன் இல்லை.

பெரும்பாலோர் விரும்புவது அறிகுறிகளைச் சமாளிக்கும் பகுதியாகத்தான் இருக்கும். தூக்கமின்மை, கோபம், பதற்றம், பழைய நிகழ்வு நினைவூட்டப்படுவது என்று ஒரு பட்டியல் வரும். நம்மை அலைக்கழிப்பதைத் தொட்டால், வெப்பமானி போன்ற ஓர் அளவியில் துயரத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கும். பிறகு மூச்சுப் பயிற்சியோ, தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியோ, சுற்றியுள்ள பொருள்களில் கவனத்தை ஊன்றச் செய்யும் பயிற்சியோ ஒன்றைத் தரும். முடித்ததும் அதே அளவியில் மீண்டும் மதிப்பெண் கேட்கும். பிடிக்காத பயிற்சிக்குக் கட்டைவிரலைக் கவிழ்த்துவிட்டால் அது பிறகு நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. கடற்கரையைக் கற்பனை செய்யச் சொன்ன பயிற்சியை நான் முதல் நாளே கவிழ்த்தேன், ஏனெனில் கடற்கரையில் நான் பார்த்தவை வேறு. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, எட்டு என்று போட்ட மதிப்பெண் மூச்சுப் பயிற்சிக்குப் பின் ஐந்தாகக் குறைந்த நாள்கள் உண்டு. அந்த மூன்று எண்கள் உறங்குவதற்கும் உறங்காமல் கிடப்பதற்கும் இடையிலான தூரம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஆயினும் நான் நட்சத்திரங்களை எல்லாம் கொடுக்க விரும்புவது அதற்கல்ல, பலர் ஒருமுறை திறந்து மூடிவிடும் மதிப்பீட்டுப் பக்கத்துக்கு. ஆராய்ச்சியாளர்களும் மருத்துவர்களும் பயன்படுத்தும் ‘பி.சி.எல்.–5’ என்ற வினாநிரல் அப்படியே அங்கே இருக்கிறது. கடந்த ஒரு மாதத்தைப் பற்றி 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை விடை, மொத்தம் 80. கூட்டுத்தொகை 31 முதல் 33 வரையிலான எல்லையைத் தொட்டால் நிபுணரிடம் முழுமையான பரிசோதனை தேவைப்படலாம் என்று பொருளே தவிர, அந்த எண் மட்டுமே நோயை உறுதிசெய்துவிடாது. ஏழாவது கேள்வி, நடந்ததை நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் பொருள்களையும் தவிர்க்கிறீர்களா என்று கேட்கிறது. ‘இல்லை’ என்று தொடப்போன விரல் நின்றுவிட்டது. மைத்துனர் வீட்டுக்குப் போக நான் எப்போதும் சுற்றுவழியையே எடுப்பேன். நேர்வழியில் நெரிசல் அதிகம் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன், நானும் நம்பியிருந்தேன். அந்த நேர்வழியில்தான் ஒரு குறிப்பிட்ட மேம்பாலம் இருக்கிறது. மூன்று என்று குறித்தேன். மொத்தம் 41 வந்தது.

இங்கேதான் செயலியோடு எனக்குச் சிறு சண்டை. எட்னா ஃபோவா வடிவமைத்த நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சையானாலும், பட்ரீசியா ரெசிக் உருவாக்கிய, வழக்கமாக 12 அமர்வுகளில் முடியும் அறிதல்சார் செயலாக்கச் சிகிச்சையானாலும், நினைவிலிருந்து ஒதுங்குவதே நோயைக் காப்பாற்றி வைக்கிறது என்ற புரிதலைப் பகிர்கின்றன. செயலியின் ஆறுதல் பக்கமோ, நினைவு எழும்போதெல்லாம் அதைத் தணித்துவிட மிக எளிதான கருவியைக் கையில் தருகிறது. அளவோடு பயன்படுத்தினால் அது கைத்தடி. எதையும் எதிர்கொள்ளாமலே காலம் தள்ளப் பயன்படுத்தினால், என் சுற்றுவழிபோல் இன்னொரு சுற்றுவழி. சிகிச்சைக்கு இது மாற்று அல்ல என்று செயலியே சொல்கிறது. அந்த எச்சரிக்கை மதிப்பீட்டு விடைகளின் பக்கத்தில் இன்னும் உரக்க ஒலித்திருக்கலாம். தவிர்ப்பதைப் பற்றிய ஆறாம், ஏழாம் கேள்விகளில் உயர்ந்த மதிப்பெண் போடும் ஒருவரிடம் வேறுவிதமாகப் பேசத் தெரிந்திருந்தால் இதன் மதிப்பு இரட்டிப்பாகியிருக்கும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 120 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடந்து 2017இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், தத்தம் தொடக்க நிலையோடு ஒப்பிடுகையில், மூன்று மாதம் செயலியைப் பயன்படுத்தியவர்கள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினர். ஆனால் முடிவில் இரு குழுக்களின் சராசரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உதவும், ஆனால் அற்புதம் செய்யாது என்று இதை வாசிக்கிறேன். என் அனுபவமும் அந்த அளவில்தான் இருக்கிறது.

இதைவிட மோசமான உதவிகளைப் பார்த்திருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் வேலை செய்த இடத்தில், பெரிய விபத்துக்குப் போய்வந்த அன்றே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, பார்த்ததையும் உணர்ந்ததையும் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்வார்கள்; வர மறுத்தால் மேலாளர் முகம் கோணும். ஜெஃப்ரி மிட்செல் 1983இல் முன்வைத்த முறையின் நீர்த்த வடிவம் அது. தீக்காயமடைந்தவர்களிடம் நடந்து 1997இல் வெளியான ஆய்வு ஒன்றில், இத்தகைய அமர்வு பெற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் 13 மாதங்களுக்குப் பின் பி.டி.எஸ்.டி. இருந்தது. அமர்வு பெற்றவர்களின் காயங்கள் தொடக்கத்திலேயே கடுமையானவை என்பதால் பழி முழுவதையும் அமர்வின்மேல் போட முடியாது. எனினும் ஒற்றை அமர்வுகளைக் கட்டாயமாக்க வேண்டாம் என்பதே பிற்காலத் தொகுப்பாய்வுகளின் முடிவு. அந்த வட்டத்தோடு ஒப்பிட்டால், கேட்காத வரை எதையும் பேசச் சொல்லாத ஒரு செயலி எவ்வளவோ மேல்.

குறைகளில் பெரியது மொழி. செயலி தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் அலுவல் பார்க்கத் தெரிந்தவருக்கும், இரவு இரண்டு மணிக்குத் தன் அச்சத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் தேடுவது எளிதல்ல. எடுத்துக்காட்டுகளில் படைவீரர் வாடை சற்றுத் தூக்கல். இன்னொன்று: தற்கொலை எண்ணம் இருப்பவர் இதைத் திறந்துகொண்டு உட்காரக் கூடாது, அவருக்கு உடனே ஒரு மனிதர் வேண்டும்.

பதிவிறக்குபவர்கள் மாதம் ஒருமுறை மதிப்பீட்டை நினைவூட்டும் அமைப்பை முதல் நாளே இயக்கிவிடுவது நல்லது. மூன்றாம் மாத முடிவில் என் கூட்டுத்தொகை 34. என் மதிப்பெண்களைச் செயலி வரைந்து காட்டிய கோட்டுப்படத்தை எடுத்துக்கொண்டு ஓர் உளவியல் நிபுணரிடம் போனேன். அவர் மொத்தத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஏழாவது கேள்வியில் மட்டும் மூன்று மாதமும் மூன்றாகவே இருப்பதைச் சுட்டிக்காட்டி, மேம்பாலத்தைப் பற்றிக் கேட்டார்.