மீதம் 14 நிமிடம்: ஒரு பேக்கப் பெட்டியோடு நாலு வருடம்

தாராவி 90 அடி சாலையில் தோல் பை வியாபாரம் செய்கிற அண்ணாச்சி போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். நாலு டிஸ்க் போடுகிற நாஸ் பெட்டி, அதாவது ஆபீஸ் நெட்வொர்க்கில் மாட்டி ஃபைல்களுக்குப் பிரதி எடுத்துவைக்கிற பெட்டி. விலை குறைந்திருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. பின்னாலேயே குரல் செய்தி: "ஏ தம்பி, மாட்டுங்கா ஆடிட்டர் ஆபீஸ்ல நீ மாட்டி வச்சிருக்கது இதானே? நாமளும் ஒண்ணு வாங்கிப் போட்ருவமா?"

அதேதான். வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியாமல் மூன்று நாள் இழுத்தடித்தேன். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் எழுதுகிறேன். கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். திட்டப்போகிறேன், அதனால் சொல்லமாட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துபோகும். 2021 தீபாவளிக்கு முன்னால் வாங்கியது. 4 டிபி டிஸ்க் நாலு, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் செத்தாலும் ஃபைல் போகாதபடி பிரித்து எழுதுகிற முறை, ஒரு டிஸ்க் அளவு இடம் அதற்கே போய்விடும்), ஆக 12 டிபி இடம். இரண்டாம் வருடம் ஒரு டிஸ்க் செத்தது. லேமிங்டன் ரோட்டில் வேறு வாங்கி வந்து, பெட்டியை நிறுத்தாமலே மாற்றினேன். ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டு தன்னைத்தானே சரிசெய்துகொண்டது, ஆபீஸில் யாருக்கும் தெரியாது. இந்த நாலு வருடத்தில் ஒரு ஃபைல்கூடத் தொலையவில்லை. இதை நான் சத்தியம் பண்ணியே சொல்வேன்.

அந்த ஆபீஸுக்கு ஃபைல் தொலைவது என்றால் என்ன என்று தெரியும். 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய அன்று, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தரைத்தளத்தில் இருந்த அவர்களது பழைய ஆபீஸில் இடுப்பளவு தண்ணீர். பார்ட்டிகளின், அதாவது வாடிக்கையாளர்களின், பில், வவுச்சர் எல்லாம் கூழாகிவிட்டது. அதற்கப்புறம்தான் ஆடிட்டர் எதையும் ஸ்கேன் பண்ணாமல் விடுவதில்லை. பஸ் டிக்கெட்டைக் கொடுத்தாலும் ஸ்கேன் பண்ணுவார். இந்தப் பழக்கம்தான் பின்னால் என் கழுத்தைப் பிடித்தது.

இன்னொரு நல்லது ஸ்னாப்ஷாட், ஃபைல்கள் அந்தந்த நேரத்தில் இருந்தபடியே பிடித்துவைக்கிற வசதி. ஆடிட்டரிடம் தொழில் பழகுகிற ஆர்டிக்கிள்ஷிப் பையன் ஒருவன் மூன்று நாள் உழைத்த எக்ஸெல் ஷீட்டின் மேல் வேறொன்றை சேவ் பண்ணிவிட்டு முகம் வெளுத்து நின்றான். ரைட் கிளிக் செய்து காலை பதினோரு மணிப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். அரை நிமிடம். அன்றைக்கு அந்தப் பெட்டிக்கு மாலை போட்டிருப்பேன்.

இனிமேல் அந்த செப்டம்பர்.

தணிக்கை அறிக்கை போட செப்டம்பர் 30 கடைசி. ஒரு வாரம்கூட இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்வரின் ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டுவிட்டு அடங்கிப் போனது. நான் பதறவில்லை. பேக்கப் இருக்கிறது, முந்தைய ராத்திரிவரை சரியாக ஓடியிருக்கிறது. புது எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸ் ஏற்றி, ராத்திரி ஒன்பது மணிக்கு, பேக்கப்பில் இருப்பதைத் திரும்பக் கொண்டுவருகிற ரெஸ்டோர் பட்டனை அழுத்தினேன். மொத்தம் 640 ஜிபி. திரையில் வந்தது: "மீதம் 14 நிமிடம்."

640 ஜிபி, ஜிகாபிட் நெட்வொர்க். வினாடிக்கு 110 எம்பி என்றாலே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 14 நிமிடம் எங்கிருந்து வரும்? எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் மனசு நம்பிவிட்டது. சயானில் வீடு, அடுத்த ஸ்டேஷன்தான், போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். 14 நிமிடம்தானே என்று பட்டினியாக உட்கார்ந்தேன். பத்தரைக்கும் 14. நள்ளிரவில் 11 ஆனது, சந்தோஷப்படுவதற்குள் 23 மணி நேரம் என்றது, திரும்ப 14. எதை வைத்துக் கணக்குப் போடுகிறதோ தெரியவில்லை. எத்தனை ஃபைல் பாக்கி என்று காட்டுகிற ஒரு வரி எங்கேயும் இல்லை. காலை ஏழு மணிக்குப் பார்த்தால் 140 ஜிபி வந்திருந்தது. வினாடிக்கு 4 எம்பிகூட இல்லை.

கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். பெட்டியை ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்றார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ரெஸ்டோரின் நடுவிலா என்று கேட்டேன். ஆமாம் சார் என்றார்கள். வைத்துவிட்டேன்.

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். முதல் சோதனை எளிது. பேக்கப் மென்பொருளை ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து 4 ஜிபி ஃபைல் ஒன்றைச் சும்மா காப்பி செய்து பார்த்தேன். ஆறு நிமிடம் எடுத்தது. வேகம் 11.2 எம்பி, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எண் ஒரு முகவரி மாதிரி. வினாடிக்கு 11 எம்பியில் கோடு போட்டதுபோல நின்றால் லைன் 1000 மெகாபிட்டில் (அதுதான் ஜிகாபிட்) ஓடாமல் 100 மெகாபிட்டில் ஓடுகிறது என்று அர்த்தம். ஜிகாபிட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும். 100-க்கு நாலு போதும். மற்ற நாலில் ஒரு கம்பி அறுந்தால் ஸ்விட்ச் பெரும்பாலும் எந்தப் புகாரும் சொல்லாமல் 100-க்கு இறங்கி ஓட ஆரம்பித்துவிடும். தினசரி வேலையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது, ராத்திரி பேக்கப்பும் மாறின ஃபைலை மட்டும் எடுப்பதால் விடிவதற்குள் முடிந்துவிடும். கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். இரும்பு பீரோவின் கால் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. பெயிண்ட் அடிக்க நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அது எத்தனை மாதமோ.

பையில் இருந்த புது கேபிளைப் போட்டேன். அதே 4 ஜிபி ஃபைல் நாற்பது வினாடியில் வந்தது. தனியாக நின்று கை தட்டினேன். ரெஸ்டோரை மறுபடி ஆரம்பித்தேன். முதலில் பாய்ந்தது, ஸ்கேன் ஃபோல்டருக்குள் நுழைந்ததும் 4 எம்பி.

640 ஜிபியில் 270 ஜிபி ஸ்கேன் பண்ணின பில்கள். எண்ணிக்கையில் ஏறத்தாழ ஒன்பது லட்சம், ஒவ்வொன்றும் 300 கேபி சுமார். ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு வருவதற்கும், ஒவ்வொரு அரிசியாக எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவதற்கும் இருக்கிற வித்தியாசம்தான். ஒவ்வொரு ஃபைலுக்கும் உருவாக்கு, எழுது, தேதியைப் போடு, அனுமதியைப் போடு, மூடு. போதாக்குறைக்கு, எழுதும் ஒவ்வொன்றையும் சர்வரின் ஆன்டிவைரஸ் திறந்து முகர்ந்து பார்க்கிறது. வினாடிக்குப் பன்னிரண்டு ஃபைல்தான் நகர்ந்தது. ஸ்கேன் ஃபோல்டருக்கு மட்டுமே 21 மணி நேரம். ரெஸ்டோர் முடியும்வரை அந்த ஃபோல்டரை ஆன்டிவைரஸ் கண்ணிலிருந்து விலக்கிவைத்தேன். முப்பதாக ஏறியது. முடிந்ததும் முழு வைரஸ் ஸ்கேன் ஓட்டிவிடலாம், அதில் பெரிய ஆபத்தில்லை.

ஒன்பதரைக்கு ஆடிட்டர் வந்தார், கையில் ஃபிளாஸ்கில் காப்பி. கேபிள் கதை, ஆன்டிவைரஸ் கதை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் ஒரேயடியா ஏன் கொண்டுவரே? திங்கக்கிழமைக்கு எனக்கு வேண்டியது பதினெட்டு பார்ட்டிதானே" என்றார்.

நான் எதுவும் பேசவில்லை. பெட்டி ஆங்கில அகர வரிசையில் ஃபோல்டர் ஃபோல்டராகக் கொண்டுவருகிறது. அந்தப் பதினெட்டு பார்ட்டியில் பாதிக்கு மேல் 'ஸ்ரீ' என்று ஆரம்பிக்கும். மாட்டுங்காவில் ஸ்ரீ போடாமல் கடை திறப்பவர் எத்தனை பேர்? ராத்திரி முழுக்க நான் 'ஏ'யிலும் 'பி'யிலும் காவல் இருந்திருக்கிறேன். ரெஸ்டோரை நிறுத்திவிட்டு அந்தப் பதினெட்டை மட்டும் தேர்ந்தெடுத்தேன். கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. அவர் காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

மீதியை நாலு ரெஸ்டோர் வேலையாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டினேன். வினாடிக்கு எழுபது ஃபைல். மதியத்துக்குமேல் முடிந்தது.

பீரோ என் பக்கத்துத் தப்பு, ஆன்டிவைரஸும் அப்படியே. ஒப்புக்கொள்கிறேன். பெட்டியின் பங்கு என்ன என்றால் டீடூப்ளிகேஷன். ஒரே மாதிரித் துண்டுகளை ஒரு முறைதான் சேமித்து இடத்தை மிச்சம் பிடிக்கும். நன்றாகத்தான் மிச்சம் பிடித்தது, 12-இல் 5 டிபிகூட நிரம்பவில்லை. ஆனால் நாளாக ஆக, நேற்றைய பேக்கப்பின் துண்டுகள் மூன்று வருடத்துப் பழைய துண்டுகளோடு டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும். 7200 சுற்று டிஸ்க் ஒரு தடவை சுற்ற 8.3 மில்லி வினாடி. ஊசி நகர்கிற நேரத்தையும் சேர்த்தால், ஒரு டிஸ்க் வினாடிக்கு நூறு இடத்துக்குள்தான் தாவ முடியும். ஆக, பழைய பேக்கப்பைவிடப் புதுசை எடுப்பதுதான் மெதுவு. நமக்கு எப்போதும் வேண்டியது புதுசு! இதை விளம்பரத்தில் எவனும் சொல்வதில்லை. பேக்கப் வேகம் கொட்டை எழுத்தில் இருக்கும், ரெஸ்டோர் வேகம் என்று ஒரு வரி இருக்காது. நானும் வாங்கும்போது கேட்கவில்லை. இப்போது மாதம் ஒரு தடவை புதிதாக முழு பேக்கப் தனி இடத்தில் எடுக்கிறேன், டீடூப்ளிகேஷன் இல்லாமல். ஸ்கேன் ஃபோல்டர்களில் முடிந்துபோன வருடங்களைப் பார்ட்டிக்கு ஒரு ஜிப் என்று கட்டிவைத்துவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பார்ட்டியை எடுத்து, கடிகாரம் வைத்து ரெஸ்டோர் செய்துபார்க்கிறேன். அதில் வருகிற நேரத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஒரு ஆறுதல், பெரிய இடத்திலும் இதே கதைதான். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கிற கிட்லாப் நிறுவனத்தில் ஒருவர் தவறுதலாக 300 ஜிபி டேட்டாபேஸை அழித்துவிட்டார். கைக்குக் கிடைத்த பிரதி மெதுவான டிஸ்கில் இருந்ததால் அதை நகலெடுக்கவே 18 மணி நேரம் ஆனது. அதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதிவைத்தார்கள். அவர்கள் திரையில் என்ன போட்டிருந்தது என்று தெரியவில்லை, 14 நிமிடம் என்று நிச்சயம் இருந்திருக்காது.

அண்ணாச்சிக்கு நேற்று பதில் அனுப்பினேன். வேண்டாம் அண்ணாச்சி. விலை இன்னும் குறைந்தாலும் வேண்டாம். உங்களிடம் இருப்பது சில ஆயிரம் டிசைன் படம், பெரிய ஃபைல்கள், உங்களுக்கு இது வேகமாகவே ஓடும், உண்மைதான். ஆனால் ராத்திரி பத்தரை மணிக்குப் பசியோடு உட்கார்ந்திருப்பவனிடம் 14 நிமிடம் என்று சொல்கிற பெட்டியை என் கையால் இன்னொரு இடத்தில் மாட்டமாட்டேன்.

இன்று காலை மாட்டுங்கா போனபோது ஆடிட்டர் கேட்டார், நாலு வருஷம் ஆச்சே, அதை மாற்றிவிடலாமா என்று.

"எதுக்கு சார், நல்லாத்தானே ஓடுது" என்றேன்.