போனைப் பூட்டுவதா, கணக்கை இறுக்குவதா?

பத்தாம் வகுப்புப் பிள்ளையின் ஆண்ட்ராய்டு போனில் கூகுள் ஃபேமிலி லிங்க் (பெற்றோர் பிள்ளையின் போனைக் கட்டுப்படுத்தும் ஆப்) போட்டால், ஒவ்வொரு ஆப்புக்கும் நேர வரம்பு வைக்கலாம். புது ஆப் இறக்க உங்கள் அனுமதி வேண்டும். நீங்கள் போனைப் பூட்டிய பிறகும் வரும் அழைப்பை எடுக்க முடியும் என்பதால், தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் டியூஷன் போகிற பிள்ளைக்கும் சரிப்படும். ஆனால் அனுமதித்த ஆப்புக்குள் யார் பேசுகிறார் என்பது இதற்குத் தெரியாது. ஒரு மணி நேர வரம்புக்குள்ளேயே அந்நியர் நெருங்கிவிடலாம்.

அந்நியர்தான் கவலை என்றால் இன்ஸ்டாகிராமின் டீன் கணக்கே (பதின்வயதினருக்கான கணக்கு) மேல். கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும். பிள்ளை பின்தொடராத, தொடர்பில்லாத ஆள் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதுக்குக் கீழ் இதைத் தளர்த்தப் பெற்றோர் ஒப்புதல் தேவை. அதில் பெற்றோர் கண்காணிப்பை இணைத்தால், கடந்த 7 நாளில் பிள்ளை யாருக்குச் செய்தி அனுப்பியது என்று தெரியும். என்ன பேசியது என்று தெரியாது. அந்த அளவு அந்தரங்கம் பிள்ளைக்கு வேண்டியதுதான். வயதைக் கூட்டிக் காட்டிய கணக்கும், ஒளித்து வைத்த இரண்டாவது கணக்கும்தான் ஓட்டை. முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் தனியாக: செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் போய் 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள்; அந்நியர் பிள்ளையைக் குரூப்பில் சேர்க்க முடியாது.

மிரட்டல் வந்தால் போனைப் பிடுங்காதீர்கள். அடுத்த முறை பிள்ளை சொல்லாது. பிளாக் செய்யும் முன் உரையாடலையும் கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் கேட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930, மற்றபடி குழந்தைகள் உதவி எண் 1098.