கேரளத் தமிழருக்கு இலவச சட்ட உதவி: எவ்வளவு பயன்?

தேவிகுளம், பீருமேடு, சித்தூர் பக்கத்துத் தமிழர்கள் வக்கீலுக்குக் கடன் வாங்குமுன் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். தொலைபேசி 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. பெண்ணிடம் வருமானச் சான்று கேட்டால் 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவைக் காட்டுங்கள்.

வக்கீல் கட்டணம், கோர்ட் கட்டணம், சான்றிட்ட நகல், வழக்கு ஆவணங்களின் மொழிபெயர்ப்பு எல்லாம் இலவசம். கடைசியானதை நம்மவர்கள் கேட்பதே இல்லை. மலையாள மனுவில் புரியாமல் கையெழுத்திட்டால், சர்வே எண்ணோ தேதியோ தவறியிருப்பது விசாரணையில்தான் தெரியவரும். 'தமிழ் தெரிந்த வக்கீல் வேண்டும்' என விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அரசு அலுவலகங்களுக்கான குறைதீர் மனுவைத் தமிழில் தர அரசமைப்பின் 350-ஆவது பிரிவு இடம் தருகிறது.

கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் (அரசமைப்பின் 22-ஆவது பிரிவு). குற்றச்சாட்டைப் புரியும் மொழியில் சொல்வதும், கோர்ட்டில் இலவச மொழிபெயர்ப்பாளரும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவில் உள்ளன. இந்தியா 1979-இல் அதை ஏற்றது. ஆனால் தனிநபர் புகாருக்கான அதன் நெறிமுறையில் சேரவில்லை. ஆகவே அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவில் வழக்குப் போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

குறை? வேகம் முழுக்க ஒதுக்கப்படும் வக்கீலைப் பொறுத்தது. சுணங்கினால், காரணம் எழுதி வேறொருவரைக் கேளுங்கள். உரிமை மீறலுக்காகத் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.