மினி ரைட் பீக் ஃப்ளோ மீட்டர்: வீசிங் உள்ள வீட்டில் ஆக்ஸிமீட்டருக்கு முன் வாங்க வேண்டியது

கேசுவால்டியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மூச்சிரைக்க வருகிறவர்களில் யார் நெபுலைசரோடு தேறுவார், யாருக்கு வென்டிலேட்டர் தேவைப்படும் என்பதைச் சீக்கிரம் கணித்தாக வேண்டும். அதற்கு நான் மிகவும் நம்பும் சாமான்களில் ஒன்று, மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் இந்தப் பிளாஸ்டிக் குழாய். பிரிட்டனின் மார்ட்டின் ரைட் 1950களில் உருவாக்கிய கருவியின் கையடக்க வடிவம் இது. ஆஸ்துமா உள்ள என் தம்பிக்கும் இதையே வாங்கிக் கொடுத்தேன்.

பேட்டரி கிடையாது. முள்ளைக் கீழே இறக்கிவிட்டு, எழுந்து நின்று, மூச்சை முழுக்க இழுத்து, உதட்டை இறுக்கி ஒரே ஊதலாக வேகமாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதிகமானதைக் குறித்துக்கொள்ள வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போது தம்பியின் உச்சம் நிமிடத்துக்கு 480 லிட்டர். குழாயின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி, 384, 240, 160 என்று எழுதிவைத்திருக்கிறேன். உச்சத்தில் 80 சதவீதமான 384க்கு மேல் இருந்தால் கவலையில்லை. பாதியான 240க்குக் கீழே போனால் இன்ஹேலரை ஸ்பேசரில் (இன்ஹேலரோடு பொருத்தும் மருந்துக் கூடு) எடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கான 160க்கும் கீழே என்றால் உயிருக்கே ஆபத்து.

கரோனாவுக்குப் பிறகு பலரும் ஆக்ஸிமீட்டரையே நம்புகிறார்கள். மூச்சுக்குழாய் சுருங்கத் தொடங்கியதுமே இந்த முள் இறங்கிவிடும். ஆக்ஸிமீட்டரோ அப்போதும் 96 காட்டிக்கொண்டிருக்கலாம். அது 92க்குக் கீழே வரும்போது நிலைமை முற்றியிருக்கும். கருந்தோல் உள்ளவர்களுக்கு அது அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று எச்சரித்தது. நம் ஊரில் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இந்தக் குழாய் சொல்லிவிடாது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாதவரை ஊதச் சொல்லி நேரத்தைக் கடத்தக் கூடாது. “இழுப்புச் சத்தம் நின்றுவிட்டது, அப்பாவுக்குத் தேவலை சிஸ்டர்” என்றார் ஒரு மகன். அப்பாவின் தலை தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் நெஞ்சில் காற்று போகும் ஓசையே இல்லை. தாக்குதலின் தொடக்கத்தில் வேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அவருக்கோ ஏ.பி.ஜி.யில் (தமனி ரத்தத்தில் வாயுக்களை அளக்கும் பரிசோதனை) அது ‘நார்மல்’ என்று வந்தது. மூச்சுத் தசைகள் ஓய்கின்றன என்றுதான் அதற்குப் பொருள். மயக்க மருத்துவரை உடனே அழைத்தோம். மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்ததால் பிழைத்தார்.

முன்பு எப்போதாவது வென்டிலேட்டரில் இருந்தவர் என்றால், உள்ளே நுழைந்ததுமே அதைச் சொல்லிவிடுங்கள். மறுபடியும் அந்த நிலைக்குப் போகும் அபாயம் அவர்களுக்கு அதிகம்.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். பெரியவர்களுக்கானது 60 முதல் 800 வரை. குழந்தைகளுக்கு 30 முதல் 400 வரை காட்டும் சிறியது தனியாக இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளால் சரியாக ஊத முடியாது, அவர்களுக்கு வாங்க வேண்டாம்.